எண்பது எழுத்துச் சீட்டு

சீனத்துப் பிள்ளைகள் அரிச்சுவடியாக ஓதிவந்த பழைய நூல் ஒன்று உண்டு. ஆயிரம் எழுத்துக்களை, ஓரெழுத்தும் இரண்டாம் முறை வராதபடி, செய்யுளாகக் கோத்து அமைத்த அந்நூலின் முதல் எண்பது எழுத்துக்கள், 19ஆம் நூற்றாண்டில் ஒரு மெல்லிய காகிதச் சீட்டின் மீது அச்சாகி, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணத்துத் தங்கவயல்களுக்கும், மெல்போர்ன் நகரத்து லிட்டில் பர்க் தெருவின் பின்கட்டு அறைகளுக்கும் வந்து சேர்ந்தன. சீட்டை வாங்கியவர் எண்பதில் பத்து எழுத்துக்களின்மேல் மை தீட்டி, காசைச் சேர்த்து, நடத்துகிறவரிடம் கொடுத்துவிட வேண்டியது. குறித்த வேளையில் எண்பதில் இருபது எழுத்துக்கள் குலுக்கி எடுக்கப்படும். தாம் தீட்டிய பத்தில் ஐந்தோ அதற்கு மேலோ அவ்விருபதுக்குள் அகப்பட்டால் பணம். இல்லையேல் அடுத்த குலுக்கலுக்கு வேறொரு சீட்டு. பக்காபூ என்று ஆங்கிலேயர் வாயில் திரிந்த அதன் சீனப் பெயருக்கு வெள்ளைப் புறாச் சீட்டு என்று பொருள். அந்த எழுத்துக்கள் வெள்ளையர் கண்ணுக்குக் கோழி கிளறிய குப்பையாகத் தோன்றினமையால், ஒழுங்கின்றிக் கிறுக்கலாய்க் கிடக்கும் எதனையும் 'பக்காபூச் சீட்டு மாதிரி' என்று பரிகசிக்கும் வழக்கு ஆஸ்திரேலிய ஆங்கிலத்தில் நெடுநாள் நிலவிற்று. பரிகசித்தவர்களிலும் அநேகர் அதை வாங்கினார்கள் என்பது வேறு சங்கதி. ஆடுவதற்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை, மை தீட்டத் தெரிந்தால் போதும்.

இந்தச் சீட்டை அங்கே கொண்டுசென்றவர்கள் யார், எந்த நிலையில் சென்றார்கள் என்பதை அறியாமல் அவர்களுடைய சூதாட்டத்தை மாத்திரம் எடுத்துப் பேசுவது நியாயமாகாது. 1851இல் விக்டோரியாவில் தங்கம் அகப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் தென்சீனத்துக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கான ஆடவர்கள், பிரயாணச் செலவைக் கடனாகப் பெற்று, உழைத்து அடைப்பதாக உறுதி கூறிக் கப்பலேறினார்கள். அவர்கள் வரத்தைத் தடுக்கக் கருதிய விக்டோரியா சர்க்கார், 1855இல் இறங்கும் சீனர் ஒவ்வொருவருக்கும் பத்துப் பவுன் தலைவரி விதித்தது. அதனின்றும் தப்ப, கப்பல்கள் அண்டை மாகாணத்து ரோப் என்னும் சிறு துறைமுகத்தில் அவர்களை இறக்கிவிட, பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் காவடித்தண்டில் மூட்டைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் காட்டுவழி நடந்தே தங்கவயல் சேர்ந்தார்கள். 1857இல் அப்படி நடந்துவந்த ஒரு கூட்டம் வழியில் தங்கத்தைக் கண்டெடுத்த இடம்தான் இன்றைய அராரட் நகரம். 1850களின் இறுதியில் விக்டோரியாவில் சுமார் 40,000 சீனர் இருந்தனர். அவர்களுள் பெண்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். கடன் தலைமேல் இருக்க, மனைவி மக்கள் கடலுக்கப்பால் இருக்க, பாஷை தெரியாத தேசத்தில் பொழுது சாய்ந்தபின் ஒருவன் எங்கே போவான்? விளக்கெரிகிற அறையொன்று இருந்தது. அங்கே தன் ஊர்ப் பேச்சுக் கேட்டது. மேஜைமேல் துளையிட்ட பித்தளைக் காசுகளின் குவியலைக் கிண்ணத்தால் கவிழ்த்து, பந்தயம் கட்டி முடிந்ததும் கிண்ணத்தை எடுத்துவிட்டு, மெல்லிய கோலொன்றால் நான்கு நான்காக ஒதுக்கிக்கொண்டே வந்து, கடைசியில் எஞ்சுவது ஒன்றா, இரண்டா, மூன்றா, நான்கா என்று பார்க்கிற 'ஃபன்டான்' ஆட்டத்தில், அந்தக் கோல் நகரும் நேரம் முழுவதும் அவனுக்குத் தனிமை இல்லை.

வெள்ளையர் சமூகம் இதைக் கண்டது வேறு கண்ணால். 1868இல் பாதிரியார் வில்லியம் யங் என்பவர் விக்டோரியாச் சீனரின் நிலைமையைப் பற்றிச் சர்க்காருக்கு அறிக்கை எழுதியபோது, அபினியோடு சூதையும் அவர்களைப் பீடித்த கேடுகளாகக் குறித்தார்; அதில் பரிவு இருந்தது. ஆனால் அந்நூற்றாண்டின் இறுதியில் எழுந்த கூக்குரலில் பரிவைக் காணோம். சிட்னியில் 1891இல் ராஜாங்க விசாரணைக் குழு ஒன்று அமைந்தது. அதன் பெயரிலேயே 'சீனர் சூதாட்டமும் ஒழுக்கக்கேடும்' என்ற குற்றச்சாட்டு ஏறி உட்கார்ந்திருந்தது. அக்குழுவின் அங்கத்தினருள் ஒருவரான குவாங் டார்ட் என்னும் தேநீர்க்கடைப் பிரமுகர் சீனரே. சொந்த ஜனங்களிடையே அபினியை ஒழிக்கப் பாடுபட்டவர். தம்மவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய ஒரு சபையில் அமர்ந்து, அவர்களுக்காகவும் அவர்களோடும் வாதாட வேண்டியிருந்த அவருடைய தர்மசங்கடத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. சாட்சியங்கள் வெளிவந்தபோது, சீனரின் சீட்டுக் கடைகளுக்கு வெள்ளைத் தொழிலாளர்களும் திரளாக வந்துபோனது தெரியவந்தது.

ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. குதிரைப் பந்தயத்துக்காகப் பொது விடுமுறை விடுகிற நகரம் மெல்போர்ன். அங்கே மெல்போர்ன் கோப்பை 1861 முதல் ஓடுகிறது. காலிங்வுட் பகுதியில் 1893 முதல் பதின்மூன்று ஆண்டுகள், தேயிலைக் கடை என்ற பெயரில், ஐரிஷ் வம்சத்தவரான ஜான் ரென் என்பவர் சட்டவிரோதப் பந்தயக் கூடம் நடத்திப் பெருஞ்செல்வரானார். போர்வீரர்கள் இரண்டு காசுகளைச் சுண்டி ஆடும் ஆட்டமோ தேசபக்தியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. சீனன் ஆடினால் அது அவனுடைய ஜாதிக் குணம், மற்றவன் ஆடினால் பொழுதுபோக்கு என்ற தர்க்கத்தை அக்காலத்துப் பத்திரிகைகள் கூச்சமின்றி எழுதின.

சூதில் தோற்று நலிந்த சீனனுக்கு அப்போது உதவி என்று இருந்ததெல்லாம் அவனுடைய ஊர்ச் சங்கங்களே. நான்கு மாவட்டத்தாருக்கான ஸீ யப் சங்கம் 1850களில் தெற்கு மெல்போர்னில் ஒரு கோயிலைக் கட்டியது. 1866இல் அதற்குப் புதிய கட்டடம் எழுந்தது. நோயாளிக்குப் படுக்கை, வழக்குகளுக்கு மத்தியஸ்தம், கடன் தகராறுக்குத் தீர்ப்பு, இறந்தவனுக்கு அடக்கம், முடிந்தால் எலும்புகளைச் சொந்த ஊர் சேர்ப்பது என்று அவை செய்த பணிகளின் பட்டியலில் 'சூதாட்ட நிவாரணம்' என்றொரு துறை இராது. பணமிழந்தவனை அவனுடைய பாஷையில், அவனுடைய தகப்பன் பெயரை அறிந்தவர்கள் முன்னிலையில் உட்காரவைத்து, கடன்காரனையும் எதிரில் உட்காரவைத்துப் பேசி முடித்தார்கள். அந்தச் சபையில் கண்டிப்பும் இருந்தது, அவமானமும் இருந்தது; ஆகையால் அதைப் பொற்காலமாக வருணிக்க எனக்கு விருப்பமில்லை. ஆயினும் நூறு ஆண்டுகள் கழித்து, கல்வி மிக்க நிபுணர்கள் தேடி அலைந்த சில காரியங்கள் அங்கே தாமாகவே நடந்தன.

இடைக்காலத்தை விரைந்து கடந்துவிடலாம். இரண்டாம் உலகப்போருக்குப் பின் கிரேக்கரும் இத்தாலியரும் வந்தார்கள்; லான்ஸ்டேல் தெருவின் கிரேக்கக் காப்பிக் கடைகளில் சீட்டும் பகடையும் புழங்கின; போலீசாரும் அவ்வப்போது கதவைத் தட்டினர். இதே காலத்தில், வேறொரு மாறுதல் ஓசையின்றி நிகழ்ந்துகொண்டிருந்தது. 1956இல் நியூ சவுத் வேல்ஸ் சர்க்கார் அங்கத்தினர் கிளப்புகளில் 'போக்கி' எனப்படும் சூதாட்டப் பொறிகளைச் சட்டபூர்வமாக்கிற்று. அடுத்த ஆண்டே சிட்னி ஓப்பெரா மாளிகையைக் கட்ட லாட்டரி நடத்தத் தொடங்கி, உலகம் வியக்கும் அந்த வெண்கூரைகளின் செலவில் பெரும்பகுதியைச் சீட்டு வாங்கினவர்களிடமிருந்தே திரட்டியது. 1961இல் விக்டோரியா, பந்தயத்திடலுக்கு வெளியே பந்தயம் கட்டும் கடைகளைத் தானே திறந்தது. ஆக, சூதாடியைத் துரத்திய கை சூதுமேஜையை நடத்தும் கையாயிற்று.

விக்டோரியா போக்கிகளுக்கு இடங்கொடுத்தது 1991இல். மாகாண வங்கி வீழ்ந்து, கஜானா வறண்டு, வேலையின்மை பெருகியிருந்த வேளை அது. அதுவரை விக்டோரியாக்காரர்கள் பஸ் பஸ்ஸாக மர்ரே ஆற்றைக் கடந்து அக்கரையிலுள்ள நியூ சவுத் வேல்ஸ் கிளப்புகளில் பணத்தைக் கொட்டிவிட்டு வந்தார்கள். அந்தப் பணம் இக்கரையிலேயே தங்கட்டுமே என்பது வாதம். 1992இல் பொறிகள் ஓடத் தொடங்கின. 1994இல் தற்காலிகமாகவும் 1997இல் யாரா நதிக்கரையில் நிரந்தரமாகவும் கசினோ எழுந்தது. சீனப் புத்தாண்டுக்கு அங்கே சிங்க நடனமும் சிவப்பு விளக்குகளும் வந்தன. குடியேறியவர்களின் பண்பாட்டை அறிந்து நடப்பது எப்படி என்பதை உதவி செய்ய வந்தவர்களுக்கு முன்பே வியாபாரம் செய்ய வந்தவர்கள் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

அந்த 1992க்கு இன்னொரு முகமும் உண்டு. 1976 ஏப்ரலில் ஐந்து வியட்நாமிய இளைஞர் ஒரு மீன்பிடிப் படகில் டார்வின் துறைமுகத்தை அடைந்ததிலிருந்து தொடங்கிய அகதிகள் வரத்தில், மெல்போர்னுக்கு வந்தவர்களுள் ஆயிரக்கணக்கானோருக்கு முதல் கூரையாக இருந்தது ஸ்பிரிங்வேலிலுள்ள என்டர்பிரைஸ் விடுதி. அங்கிருந்து வெளியேறியவர்கள் அதைச் சுற்றியே வீடு பார்த்தார்கள்; கடை வைத்தார்கள்; அருகிலிருந்த டாண்டினாங் தொழிற்சாலைகளில் இரவு வேலைக்குப் போனார்கள். பொறிகள் வந்த அதே ஆண்டில் அந்த விடுதி மூடப்பட்டது. அகதியை வரவேற்க ஊரில் இருந்த ஒரு பொதுவீடு அடைபட்டு, வேறு வகையான வரவேற்பறைகள் திறந்தன என்று சொன்னால் அது மிகையாகத் தோன்றலாம். ஆனால் வரைபடத்தைப் பாருங்கள். பொறிகள் அடர்ந்திருப்பது நகரத்தின் செல்வர் குடியிருப்புகளில் அல்ல. தென்கிழக்கில் ஸ்பிரிங்வேலும் டாண்டினாங்கும், மேற்கில் சன்ஷைனும் செயின்ட் ஆல்பன்ஸும் அடங்கிய பகுதிகளே இழப்புக் கணக்கில் ஆண்டுக்காண்டு முதல் வரிசையில் நிற்கின்றன. மேற்கிலுள்ள பிரிம்பேங்க் நகரசபை எல்லைக்குள் மாத்திரம், பெருந்தொற்றில் கதவடைத்த காலம் நீங்கலாக, ஆண்டொன்றுக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல் பொறிகள் விழுங்குகின்றன.

அவ்வறைகளின் சௌகரியத்தைச் சொல்லாமல் அவற்றின் கவர்ச்சி விளங்காது. வெயிலில் குளிர்ச்சி, குளிரில் வெம்மை, மலிவான சாப்பாடு, கேட்காமலே தேநீர், நள்ளிரவுக்குப் பின்னும் விளக்கு, தனியாக வரும் பெண்ணை முறைத்துப் பார்ப்பவர் எவருமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் பிள்ளையின் பள்ளிக்கூடத்திலும் நாவைக் கட்டிப்போடும் ஆங்கிலம் இங்கே தேவையில்லை. பொத்தானுக்கு இலக்கணம் இல்லை. பொறியின் கணக்கோ எளிதில் கண்ணுக்குப் படாது. கட்டும் பணத்தில் குறைந்தபட்சம் 87 சதவீதத்தைத் திருப்பித் தரவேண்டுமென்பது விக்டோரியாவின் சட்டம். இதைக் கேட்டவர், நூறு டாலரோடு போனால் எண்பத்தேழோடு திரும்பலாம் என்று நினைக்கிறார். மூன்று நொடிக்கு ஒரு டாலர் வீதம் அழுத்தினால் மணிக்கு 1,200 அழுத்தல். ஒவ்வொரு டாலரிலும் பதின்மூன்று காசு கழிந்தால் மணிக்கு 156 டாலர். திரும்பிய பணமும் திரும்பத் திரும்ப உள்ளே போவதால் எண்பத்தேழு என்ற எண் வெறும் மயக்கமாகிறது. ஒரு டாலர் கட்டி முப்பது காசு வந்தாலும் பொறி வெற்றிச் சங்கீதம் வாசிக்கும். எழுபது காசு தோற்றதற்கு மங்கள வாத்தியம்!

வியட்நாமியருக்குச் சூது புதிதல்ல. சூதாட்டத்துக்கு அவர்கள் வழங்கும் சொல்லிலேயே காய்நகர்த்தும் ஆட்டமும் வெள்ளிப் பணமும் சேர்ந்திருக்கின்றன. டெட் எனப்படும் புத்தாண்டில், சுரைக்காய், நண்டு, மீன், இறால், சேவல், மான் என்று ஆறு சித்திரங்கள் பொறித்த பகடைகள் மூன்றைக் குலுக்கி, பாட்டி முதல் பேரன் வரை காசு கட்டி ஆடுவது மரபு. பண்டிகை முடிந்தால் ஆட்டமும் முடியும். ஆட்டத்துக்கு வீடும் உறவும் நாட்காட்டியும் வேலியாக இருந்தன. போக்கி அறையில் அந்த மூன்று வேலிகளும் இல்லை. இதைப் போலவே 'ஹுய்' என்று அவர்களிடையே ஒரு சீட்டு முறை உண்டு. நம்மவர் சீட்டுப் பிடிப்பது போன்றதே. வங்கி கடன் தராதபோது நம்பிக்கையொன்றையே ஈடாக வைத்து இருபது குடும்பங்கள் மாதந்தோறும் பணம் போட்டு, முறைவைத்து எடுப்பார்கள். முதல் மாதங்களிலேயே தம் முறையை எடுத்த ஒருவர் அதைப் பொறியில் விட்டுவிட்டால், தோற்றது ஒருவரானாலும் முறிவது இருபது வீட்டின் அடுத்த ஆண்டு. 1983க்குப் பின் சிட்னியின் வென்ட்வர்த்வில்லிலும் மெல்போர்னின் டாண்டினாங்கிலும் குடியேறிய ஈழத்தமிழருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2012 ஆகஸ்டுக்குப் பின் படகில் வந்த தமிழர் பலர், வேலை செய்யும் உரிமையே இல்லாத தற்காலிக விசாவில், பகலையும் இரவையும் எப்படிக் கழிப்பதென்று தெரியாமல் இதே தெருக்களில் நடந்தார்கள். கடன் வாங்கிக் கப்பலேறிய அந்தப் பழைய சீனனை அடையாளம் கண்டுகொள்ள அவர்களுக்குச் சரித்திரப் புத்தகம் வேண்டியிராது.

உதவி என்று சர்க்கார் முதலில் தந்தது எது? மதுக்கூடப் பொறிகளின் வரும்படியில் ஒரு பங்கை எடுத்துச் சமூக நிதி ஒன்றை அமைத்து, அதிலிருந்து 'பிரேக் ஈவன்' என்ற பெயரில் ஆலோசனை நிலையங்களை நடத்தினார்கள். லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை என்று பொருள்படும் அப்பெயரைத் தோற்றவர்களுக்கான இல்லத்துக்குச் சூட்டியவர் நகைச்சுவை உள்ளவரா, அது அறவே இல்லாதவரா என்று தெரியவில்லை. பிற பாஷைக்காரருக்காகத் துண்டுப் பிரசுரங்கள் மொழிபெயர்க்கப்பட்டன. சமூக நிலையத்து மேஜையில், 'உமக்குச் சூதாட்டப் பிரச்சினையா?' என்று தம் தாய்மொழியில் கொட்டை எழுத்தில் கேட்கும் தாளை, பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்கையில் எவர் கையில் எடுப்பார்? ஆங்கிலத்தில் இருந்த வரையிலாவது அது அந்நியமான அவமானமாக இருந்தது. மொழிபெயர்த்ததும் சொந்த அவமானமாகிவிட்டது.

மொழிபெயர்ப்பாளர் சங்கதி இதனினும் நுட்பமானது. தொலைபேசி வழியாக மொழிபெயர்ப்பாளரை வரவழைக்கும் ஏற்பாட்டை 1973இலேயே தொடங்கிய தேசம் ஆஸ்திரேலியா; 1978இல் வெளியான கால்பலி அறிக்கை, குடியேறியவர்களுக்கு அவரவர் சமூகத்தார் மூலமாகவே சேவை செய்ய வேண்டுமென வற்புறுத்திற்று. நல்ல கொள்கைகளே. ஆனால் சில ஆயிரம் பேரே உள்ள சமூகத்தில், அந்த மொழிபெயர்ப்பாளர் யார்? சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் மகளுக்கு ஆசிரியையாக இருப்பவர். கோயில் அன்னதானத்தில் எதிரே நின்று பரிமாறுபவர். வீட்டுக் கடன் தவணையைப் பொறியில் விட்டதை ஒரு தகப்பன் அவர் வாய் வழியாகச் சொல்ல வேண்டும். முன்னே அமர்ந்திருக்கும் வெள்ளைக்கார ஆலோசகரிடம் சொல்லத் துணிந்தவரும், தொலைபேசியில் 'வணக்கம் ஐயா, சொல்லுங்கோ' என்ற தமிழ்க் குரலைக் கேட்டதும் தலைவலி என்று சொல்லி எழுந்து போய்விடுவார். எனவே வேறு ஊரிலிருந்து மொழிபெயர்ப்பாளரைத் தேடுவது, பெயர் சொல்லாமல் பேசவிடுவது, எந்தப் பாஷையில் பேச விருப்பம் என்று முதலில் கேட்பது என்ற சிறுசிறு வழக்கங்களை, அடிபட்டு அடிபட்டுத்தான் கற்றார்கள்.

2000ஆம் ஆண்டில் விக்டோரியாவின் சூதாட்ட ஆணையத்துக்காக அரபு, சீன, கிரேக்க, வியட்நாமியச் சமூகங்களைப் பற்றி நடந்த ஆய்வு, இச்சமூகத்தாருள் ஆடுகிறவர்கள் பொதுஜனங்களைவிடக் குறைவே, ஆயினும் ஆடியவர்களுள் கேடுற்றவர்கள் அதிகம் என்று காட்டியது. இனக்குணம் என்ற பழைய வாதத்துக்கு இதனால் மூச்சு நின்றிருக்க வேண்டும். அதற்குப் பின் வந்த இருமொழிப் பணியாளர்கள் சூது என்ற சொல்லையே வாயிலில் வைப்பதில்லை. குடும்ப வரவுசெலவு, பெரியவர்களின் தனிமை, புதிதாக வந்தவர்களுக்கு வங்கிப் பழக்கம் என்று ஏதோ ஒரு பெயரில் பெண்களைச் சமையற்கட்டில் சந்திப்பார்கள். மூன்றாம் நாள் சந்திப்பில், தேநீர் ஆறும் வேளையில், ஒருத்தி தன் 'சிநேகிதியின் கணவரைப்' பற்றிச் சொல்லத் தொடங்குவாள். சிநேகிதி யார் என்று யாரும் கேட்பதில்லை. ஆடியவரைத் தனியறையில் நோயாளியாக வைத்துப் பேசும் மேல்நாட்டு முறையை விட்டு, மாமியாரும் மைத்துனனும் சேர்ந்து அமரும் கூடத்துக்கு வந்தார்கள். பழைய ஸீ யப் சங்கத்தின் திண்ணையில் கண்டிப்பைக் குறைத்து, இரகசியத்தைச் சேர்த்துப் போட்டது போல எனக்குத் தோன்றுகிறது. 2016இல் விக்டோரியாவில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, சூதால் விளையும் தீங்கின் மொத்தத்தில் பெரும்பங்கு, சூதுக்கு அடிமையானவரென்று எவரும் சொல்லாத சாதாரண ஆட்டக்காரரின் வீடுகளில்தான் சிந்திக் கிடக்கிறது என்று காட்டிய பின்னர், 'பிரச்சினைக்குரிய சூதாடி' என்ற முத்திரை மெல்ல விலகி, 'சூதாட்டத் தீங்கு' என்ற சொல் ஓங்கிற்று.

வள்ளுவர் சூது அதிகாரத்துக்கு அடுத்தபடியாக மருந்து அதிகாரத்தை வைத்திருக்கிறார்; அது உடற்பிணிக்கும் உணவுக்கும் உரியதாகையால் வலிந்து பொருள் கொள்வது முறையன்று. விக்டோரியாவின் அனுபவத்திலோ மருந்தென்று பேரிடாத மருந்துகளே நன்றாக வேலை செய்தன. 2002 செப்டம்பரில் பொறி அறைகளுக்குள் புகைபிடிக்கத் தடை வந்தது. ஊழியர் நலத்தைக் கருதிய சட்டம் அது. புகைக்க வெளியே எழுந்துபோனவர்களுள் சிலர் குளிர்காற்று முகத்தில் பட்டதும் வீட்டை நினைத்துக்கொண்டார்கள் போலும். பொறிகளின் வரும்படி கண்கூடாகச் சரிந்தது. 2012இல் அக்கூடங்களிலிருந்து பணம் எடுக்கும் யந்திரங்கள் அகற்றப்பட்டன. 2024 ஆகஸ்ட் முதல் விடிகாலை 4 மணியிலிருந்து 10 மணி வரை கசினோ நீங்கலாக எல்லாப் பொறி அறைகளும் மூடவேண்டுமென்ற விதி வந்தது. இரவு வேலை முடிந்து நேராக அங்கே போகிற தொழிலாளிக்கு, எந்தப் பாஷையிலும் மொழிபெயர்க்கத் தேவையில்லாத அறிவுரை அது. அதே ஆண்டு ஜூனில், பன்னிரண்டு ஆண்டுகளாகச் சூதாட்டத் தீங்குக்காகவே நடந்துவந்த மாகாண அறக்கட்டளை கலைக்கப்பட்டு, அதன் வேலைகள் வேறு இலாகாக்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன.

இன்று அந்தப் புறநகர்க் கிளப்புகளில் எதற்குள் நுழைந்தாலும், சாப்பாட்டு மேஜைகளுக்கு மேலே ஒரு திரை ஒளிர்வதைக் காணலாம். அதில் ஒன்று முதல் எண்பது வரை எண்கள். சில நிமிஷங்களுக்கு ஒருமுறை அவற்றுள் இருபது ஒவ்வொன்றாக விளக்கேறும். கையிலுள்ள சீட்டில் தாம் குறித்தவை எத்தனை என்று ஜனங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே அண்ணாந்து பார்ப்பார்கள். கீனோ என்பது அதன் பெயர். சர்க்கார் உரிமம் பெற்றது. எழுத்துக்கள் எண்களானது தவிர, லிட்டில் பர்க் தெருவில் போலீசார் கதவுடைத்துப் பறித்த அதே வெள்ளைப் புறாச் சீட்டு. உதவிக்கான அறிவிப்பும் அக்கட்டடத்தில் உண்டு. பல பாஷைகளில் அச்சிட்ட அந்தத் தாளைக் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கிறார்கள். தாழ்ப்பாள் போட்டபின் வேறொருவர் கண்ணில் படாமல் அதைப் படிக்கலாம்.